பட்டுக்குத் தீட்டு இல்லை

சத்யாவோடு லேப்பில் வேலை செய்யும் சுகாசினி, பையிலிருந்து அவளுடைய குளிர் ஜாக்கெட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். "அக்கா போன வருஷம் போட்டதுண்ணா. லேப்லயே இருந்துச்சு."

"இதையும் விட்டுட்டுப் போயிருக்கா பாரு! எதுலயும் கவனம் கெடையாது!" என்றேன். செத்துப்போனவளைத் திட்டுகிறோமே என்று அப்புறம்தான் உறைத்தது.

சத்யப்ரியா என் மனைவி. இமயமலைப் பனியாற்றில் ஐஸை வெட்டி எடுத்து வந்து, அதற்குள் கிடக்கும் தூசியையும் கரித்துகளையும் மைக்ரோஸ்கோப்பில் தேடுவது அவள் வேலை. போன மாதம் அங்கேயே பனிப்பிளவில் விழுந்து இறந்தாள். நான் பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவன். "உம் பொண்டாட்டி ஐஸ்ல அழுக்குத் தேடிக்கினு கீறாளாமே கைலாசம்" என்று தெருவே கேலி செய்யும். எனக்குப் பெருமைதான். பயமும்தான்.

அந்தப் பயத்தில்தான் போன வருஷம் அவள் கிளம்புமுன், காமாட்சியம்மன் காலடியில் வைத்து வாங்கிய சிவப்புப் பட்டு இழையை இந்த ஜாக்கெட் கையின் உள்பக்கத்தில் அவளுக்குத் தெரியாமல் தைத்தேன். சொன்னால், ஐஸ் பக்கத்தில் வெளி நூல் எதுவும் கூடாது என்று ஆயிரம் சட்டம் பேசுவாள். கூடாதாவது மண்ணாவது! பட்டுக்குத் தீட்டே இல்லை என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

போனாள், வந்தாள். இரண்டு மாதம் கழித்து, மறுபடி போக வேண்டும் என்றாள். ஐஸில் வேறு ஏதோ கலந்துவிட்டதாம், அத்தனையும் வீணாம். எனக்கு வந்ததே கோபம்! "இவ்ளோ படிச்சு என்னாத்த கிழிச்ச? சுத்தமா வேலை செய்யத் தெரியல. ஒன் அஜாக்கிரதைக்கு நான் இங்க பயந்து சாவணுமா?"

அவள் சாயம் ஏறிய என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "எந் தப்புதாங்க. இந்த வாட்டி சரியா செஞ்சிட்டு வந்துடறேன்" என்றாள். கிளம்புகிற அன்றும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அப்பிடி என்னாதாம்மா கலந்துச்சு?" என்று சுகாசினியிடம் கேட்டேன்.

"செவப்பு நூல்ண்ணா. துணுக்குத் துணுக்கா, ஐஸ உருக்கி வெச்ச எல்லா பாட்டில்லயும். எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியலன்னு அக்கா ரிப்போர்ட்ல எழுதிட்டாங்க. எல்லாரும் அவங்களத்தான் திட்டினாங்க. ஒரு வார்த்தை பேசல அக்கா."

ஜாக்கெட் கையைத் திருப்பிப் பார்த்தேன். இழை இல்லை. பிரித்த தையலின் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

பாக்கெட்டில் சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று தட்டுப்பட்டது. உள்ளே அந்தச் சிவப்பு இழை, சுருட்டி வைத்திருந்தது. மேலே ஒட்டிய தாளில், எங்கள் சண்டைக்கு முந்தின வாரத் தேதி போட்டு, சத்யாவின் கையெழுத்து: 'எங்க வீட்டுக்காரர் தைச்சது. யாரும் தூக்கிப் போடாதீங்க.'

நான் கத்தினபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீதான்யா காரணம் என்று ஒரு தடவை திருப்பிக் கத்தியிருக்கக் கூடாதா, பாவி?

"என்னண்ணா? எங்கேர்ந்து வந்த நூல் அது, ஒங்களுக்குத் தெரியுமா?"

"நான்தாம்மா" என்றேன். "நீங்க தேடின அழுக்கு, நான்தாம்மா."