பாயத் தயாராக நிற்கும் பொம்மை

மனிதனாகப் பிறந்தவன் முப்பது வயதுக்குள் ஒரு பெயரையாவது உலோகத்தில் பொறித்துவிட வேண்டும். இல்லையேல் அவன் பிறந்ததும் ஒன்றுதான், பிறக்காததும் ஒன்றுதான். இது அவனுடைய அம்மாவின் அசைக்க முடியாத கொள்கை. அவனும் பொறித்துக்கொண்டுதான் இருந்தான். கோப்பையும் கேடயமும் செய்து விற்கும் கடையில் அவனுக்கு அதுதான் வேலை. ஒரே குறை, எல்லாம் அடுத்தவர் பெயர்.

முப்பது நிறைய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. பெரியம்மா மகன் இவனுக்கு இளையவன். அதற்குள் அவன் ஒரு நிறுவனத்தின் நிறுவனர். அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அவனிடமே கேட்டால், கேட்பதற்கு முன்பு தெரிந்திருந்ததும் மறந்துபோகும். முகவரி அட்டையில் 'நிறுவனர்' என்று அச்சடித்த நாள்முதல் பெரியம்மா பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "நிறுவனர் இன்னும் எந்திரிக்கல", "நிறுவனருக்கு சளி" என்றுதான் போனில் செய்தி வரும்.

அப்படி ஒரு போனை வைத்த கையோடு அம்மா ஆரம்பித்தாள்.

"உன் வயசுல நான் உன்னைப் பெத்துப் பள்ளிக்கூடத்துலயே சேர்த்துட்டேன்."

"அந்தச் சாதனைய என்னால முறியடிக்க முடியாதும்மா."

"வாய்க்குப் போட்டி வெச்சா முதல் பரிசு உனக்குத்தான்டா. அக்கா வீட்டு ஷோகேஸ்ல வைக்க இடமில்லையாம். நம்ம வீட்டு ஷோகேஸ்ல என்ன இருக்கு? டிவி ரிமோட்டு!"

அந்த ரிமோட் அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மறுநாள் மதியம் முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, பித்தளைத் தகடு ஒன்றை இயந்திரத்தில் பூட்டித் தன் பெயரை அடித்தான். கீழே 'சாம்பியன்' என்று சேர்த்தான். எதில் என்று யோசித்துப் பார்த்தான்; ஒன்றும் தோன்றவில்லை; விட்டுவிட்டான். பளிங்குப் பீடத்தில் தகட்டை ஒட்டித் தூணைத் திருகினான். உச்சியில் ஒரு பொம்மை வேண்டுமே! சிறகு விரித்த பொம்மை எந்தப் போட்டிக்கும் பொருந்தும் என்பதால் அதுதான் கடையில் முதலில் தீர்ந்துபோகும். தீர்ந்தும் போயிருந்தது. பெட்டியின் அடியில் மிஞ்சிக் கிடந்த பொம்மை, இரு கைகளையும் நீட்டித் தண்ணீரில் பாயத் தயாராக நிற்பவன். வாசலில் முதலாளியின் செருப்புச் சத்தம். அவசரத்தில் அந்த நீச்சல்காரனையே எடுத்துத் திருகிவிட்டான்.

அன்று மாலை வீட்டில் அம்மா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீச்சலா? எப்படா கத்துக்கிட்ட?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அம்மா ஷோகேஸிலிருந்த ரிமோட்டை எடுத்துச் சோபாவில் வீசிவிட்டாள். வீசிய விதத்தில் பல வருடத்துப் பாரம் இறங்கியது தெரிந்தது. இனி எப்படிச் சொல்வது?

"காலையில... வேலைக்குப் போறதுக்கு முன்னாடி."

"அதான் எப்பப் பார்த்தாலும் தலை ஈரமா இருக்கா!"

அது வெறும் குளியல்.

பெரியம்மாவுக்கு உடனே போன் பறந்தது. அந்தப் பக்கமிருந்து பதிலும் பறந்து வந்தது: "ரொம்ப சந்தோஷம்டி. எங்க குடியிருப்புலயே நீச்சல் குளம் இருக்கு, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா. நிறுவனரும் நீச்சல்ல கில்லாடிதான், தெரியுமில்ல?" யாருக்கும் தெரியாது. நிறுவனருக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிறு வரை அவன் மெத்தையில் குப்புறப் படுத்துக் கைகால் அடித்துப் பழகினான். மெத்தையில் ஒருமுறைகூட மூழ்கவில்லை.

குளத்தில் வெயில் பட்டுத் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது; ஆழம் தெரியவில்லை. அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீடியோ எடுக்கப் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். நிறுவனரின் நீச்சல் கண்ணாடியில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நீங்க முதல்ல," என்று அவன் முனகினான்.

"நிறுவனர் நீதானே தம்பி, நீயே தொடங்கி வை."

"சாம்பியன் நிக்கும்போது நான் குதிச்சா மரியாதையா இருக்காதுண்ணா."

"என்னடா குசுகுசுன்னு?" என்று அம்மா கத்தினாள். "அந்தப் பொம்மை மாதிரி கையை நீட்டுடா!"

நீட்டினான். அச்சு அசல் பொம்மைதான். ஆனால் பொம்மைக்கு ஒரு வசதி உண்டு. அதைத் திருகி வைத்திருப்பார்கள். இவனுக்குக் கால் வழுக்கியது. விழும்போது கைக்கு அகப்பட்டதைப் பிடித்தான். அகப்பட்டது நிறுவனர்.

"அண்ணா, விடுங்க! எனக்கு நீச்சல் தெரியாது!"

"எனக்கும் தெரியாதுடா! அம்மா! காப்பாத்தும்மா!"

"ஐயோ, நிறுவனர்! நிறுவனர்!" என்று பெரியம்மா கரையில் அலறினாள். இரண்டாவது முறை மூழ்கியபோதுதான், "ஐயோ, என் புள்ள!" என்று வந்தது.

அம்மா போனைக் கைப்பையில் போட்டாள். செருப்பைக் கழற்றினாள். ஓரத்துப் படியில் இறங்கி, உடுத்திய துணியோடு நடந்து போய், ஆளுக்கொரு கையால் இருவரையும் தூக்கினாள்.

"நில்லுங்கடா."

நின்றார்கள். தண்ணீர் இடுப்பளவு இருந்தது.