வெள்ளிக் கால்

பிலோமியின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். அதற்குள்ளிருந்தும் இருமல் வெடித்தது.

"வீட்ல எதையாவது எரிச்சீங்களா?" டாக்டர் மகிழினி கேட்டார். "பெயின்ட், பிளாஸ்டிக், பழைய பேட்டரி?"

"இல்ல டாக்டரம்மா," என்றான் அவள் கணவன் இக்னேஷியஸ். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கும் இருமல்.

"உங்களுக்குமா?"

"சளி."

"எக்ஸ்ரேல நுரையீரல் முழுக்க வெள்ளையா இருக்கு. இது சளி இல்ல. எதை சுவாசிச்சாங்கன்னு தெரியாம குத்துமதிப்பா வைத்தியம் பாத்துட்டிருக்கேன். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கத் தேவையே இல்லை. எது என்று அவனுக்குத் தெரியும். கல்மண்டபத்துப் பல் கிளினிக்கில் அவன் அட்டெண்டர். கிளினிக்கை மூடும்போது பல் டாக்டர் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். நோயாளிகளின் பல்லிலிருந்து பெயர்த்தெடுத்த பழைய வெள்ளி அடைப்புகள். "இதுல பாதி பாதரசம். கழிவு வண்டில பத்திரமா ஒப்படைச்சிடு."

மிச்சம் வெள்ளிதானே என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். முட்டி வலி தீர்ந்தால் அந்தோணியார் கோயிலில் வெள்ளியில் சின்னதாக ஒரு கால் செய்து வைப்பதாக பிலோமி நேர்ந்திருந்தாள். வலி தீர்ந்துவிட்டது. வெள்ளிதான் வரவில்லை. கிளினிக்கில் சும்மா கொடுத்தார்கள் என்று அவளிடம் சொன்னான்.

நேற்று காலை தாளிப்புக் கரண்டியில் துண்டுகளைப் போட்டு அடுப்பில் வைத்தான்.

"இன்னாய்யா, பல்லு வறுவலா?" என்று சிரித்தாள் பிலோமி. "ஒண்ணும் ஆவாதே?"

அவன் வாயைப் பிளந்து கடைவாயைக் காட்டினான். "எனக்கும் அடைச்சிக்கீது பாரு. இத்த வெச்சிதான் மீனு துண்ணுகினு கீறேன். எனக்கு இன்னா ஆச்சு?"

கடல் காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து போனது. ஜன்னலைச் சாத்தினான். புகை இல்லை, வாடை இல்லை. வெள்ளி உருகுகிறதா என்று பிலோமி கரண்டிக்கு மேலே குனிந்து குனிந்து பார்த்தாள். உருகவில்லை. கறுத்த கட்டியாக நின்றது. அப்பால பார்த்துக்கலாம் என்று கரண்டியை அடுப்புக்குப் பின்னால் தள்ளினான்.

சாயங்காலமே அவளுக்குக் குளிர் ஜுரம்.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் விலா ஏறி ஏறி இறங்கியது. திருட்டு வெள்ளியா என்று அவள் கேட்டால் கேட்கட்டும். இக்னேஷியஸ் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான்.

மகிழினியின் முகம் மாறியது. "பல்லுல இருக்கறப்ப துளித் துளியாத்தான் கசியும். நெருப்புல வெச்சா பாதரசம் ஆவியாகி நேரா நெஞ்சுக்குள்ள போயிடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது." பிலோமியை உடனே ஐசியூவுக்கு மாற்றச் சொல்லிவிட்டுத் திரும்பினார். "இப்ப வீட்ல யாரு?"

"அவ தங்கச்சி ஜானட். கஞ்சி வெச்சி எடுத்தாரேன்னா."

"போன் போடுங்க."

ஜானட் உடனே எடுத்தாள்.

"ஜானட், ஜன்னலத் தொற. அடுப்பாண்ட போவாத."

"தொறந்தா அடுப்பு நிக்க மாட்டேங்குது மாமா. தாளிக்கிற கரண்டில இன்னாத்த காச்சின? கல்லு மாதிரி புடிச்சிகினு கீது. பேத்து எடுக்கலாம்னு சூடு காட்டிகினு கீறேன்."

"ஆஃப் பண்ணு. வெளிய ஓடு."

"இன்னாத்துக்கு மா..."

மிச்ச வார்த்தை இருமலில் அறுந்தது.