தெளிந்த ஏரி

நீர் ஆய்வகத்தில் அவளுக்குப் பாசியக்கா என்று பெயர். ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, நுண்ணோக்கியில் குனிந்து, வெறுங்கண்ணுக்குத் தெரியாத பாசிகளை எண்ணுவதுதான் பதினாறு வருடமாக வேலை. அதில் அவள் சேர்த்த சொத்து கழுத்துவலி.

அந்த வருடம் ஏரி பளிங்கு மாதிரி தெளிந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. நகரசபை பூரித்துப்போய்ப் படகுத்துறை கட்டியது. பாசியக்கா மட்டும் பூரிக்கவில்லை. முன்பெல்லாம் ஒரு சொட்டில் முந்நூறு எண்ணிச் சலித்தவளுக்கு இப்போது எண்ணிக்கை பதினொன்றைத் தாண்டவில்லை. பார்வைதான் மங்கிவிட்டதோ என்று கண் மருத்துவரிடம் போனாள். கண் நன்றாகவே இருந்தது.

தண்ணீரை வேதியியல் பிரிவுக்கு அனுப்பினாள். கிருமிக்கொல்லி மருந்து, வலி மாத்திரை, கைகழுவும் திரவம் என்று ஊர் விழுங்கியதும் கழுவியதும் அதில் இருந்தன. ஏரிக்கு வரும் சாக்கடையின் அழுக்கைச் சுத்திகரிப்பு நிலையம் தடுத்தது. மருந்தை அதற்கு அடையாளம் தெரியாது, வழிவிட்டிருந்தது.

இந்த மருந்துகளால் பாசி செத்தால் அதைத் தின்னும் பூச்சி இல்லை, பூச்சி இல்லாவிட்டால் மீன் இல்லை என்று விளக்கமாக அறிக்கை எழுதினாள். இயக்குநருக்கு முதல் வரி பிடித்துப்போனது: ‘ஏரி நீர் இதுவரை இல்லாத அளவு தெளிவாக உள்ளது.’ அதை மட்டும் படகுத்துறைப் பலகையில் பெரிதாக எழுதி, கீழே அவள் பெயரையும் போடச் சொன்னார்.

திறப்பு விழாவில் ஆளாளுக்குக் கைகுலுக்கினார்கள். ஓரமாக நின்ற மீனவர் ஒருவர் கூட்டம் கலைந்ததும் அருகில் வந்தார். மூன்று மாதமாக வலை வெறும் ஈரத்தோடுதான் வருகிறது என்றார். அவள் உள்ளதைச் சொன்னாள். அவர் சற்று யோசித்தார்.

“அப்போ இந்தத் தண்ணிய மறுபடி எப்படிம்மா அழுக்காக்குறது?”



அன்று மாலை வீட்டில், மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர் காலாவதியான மாத்திரைகளை அட்டை அட்டையாக உரித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க?”

“குப்பையில போட்டா குழந்தைங்க எடுத்துத் தின்னுடும்னு நீதானே சொன்ன? பத்து வருஷமா ஒரு மாத்திரைகூட வெளியில போகல.”

பெருமையாகத்தான் சொன்னார். அவள் மிச்சமிருந்த அட்டைகளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மறுநாளிலிருந்து கணவரின் கடை இருந்த தெருவின் நான்கு மருந்துக்கடைகளிலும் காலாவதியான மாத்திரைகளை மூட்டையாக வாங்கி, ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கும் உலைக்கு அனுப்பினாள். கணவரே தூக்கிக்கொண்டு போனார். இரண்டாவது அறிக்கையில், காரணங்களின் வரிசையில், தன் வீட்டுக் கழிப்பறையையும் ஒளிக்காமல் எழுதினாள்.

இயக்குநர் இந்த முறை முழுவதையும் படித்தார். ரொம்பக் களைத்துவிட்டாள் என்று பரிவோடு அவளைக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றினார். அங்கேயும் நுண்ணோக்கிதான். ஆனால் அங்கே தகட்டில் ஓர் உயிரும் இல்லையென்று எழுதினால் பாராட்டுவார்கள்.