கிழவரின் மூச்சு

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு வியாதி. பரோக் என்கிற பழைய ஐரோப்பிய இசையின் பெயரை யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், "யார் வாசிச்ச பதிவு கேட்டீங்க?" என்று பிடித்துக்கொள்வார். ஒரே இசையைப் பலர் வாசித்த சிடிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, எது உசத்தி என்று தனக்குத்தானே சண்டை போடுவார். லென்ஸில் ஒரு தூசி இருந்தாலே தூக்கம் வராத மனுஷர் அவர். பதிவிலும் இருமல், நாற்காலி முனகல் எதுவும் ஆகாது. இசையைப் பாதியில் நிறுத்துகிறவர்களைக் கொலைகாரர்களாகத்தான் பார்ப்பார்.

அவருடைய பால்ய சிநேகிதர் பள்ளி வேன் ஓட்டுகிறார். "உன் பாட்டைப் போட்டா என் வேனே தூங்கிடும்டா" என்று கிண்டல் செய்தே காலம் தள்ளியவர். அந்தச் சிநேகிதரின் மனைவி போன மாதம் இறந்துபோனாள். கண்ணாடிக்கடைக்காரருக்கு அவள் தங்கச்சி மாதிரி. பல வருஷமாக இழுப்பு. கடைசியில் மூச்சுத் திணறித்தான் போய்ச் சேர்ந்தாள்.

அந்த டிரைவர் தானாகவே கடைக்கு வந்தார்.

"வீட்ல சத்தமே இல்லடா. இருக்க முடியல. உன் பாட்டுல ஏதாவது ஒண்ணு குடு."

கண்ணாடிக்கடைக்காரர் வெகு நேரம் யோசித்து, ஒரு இளம்பெண் செல்லோ என்கிற பெரிய வயலினைத் தனியாக வாசித்த பதிவைக் கொடுத்தனுப்பினார். அப்பழுக்கில்லாத பதிவு. அதே இசையை ஒரு கிழவர் வாசித்த பழைய சிடியும் அவரிடம் இருந்தது. வாசிப்பில் கிழவரை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் சத்தமாக மூச்சிழுப்பார். மைக் அதையும் பிடித்து வைத்திருந்தது. அதைக் கண்ணாடிக்கடைக்காரர் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் கிழவரின் சிடி உறையைத் திறந்தால் உள்ளே இளம்பெண்ணின் சிடி இருந்தது. மூச்சு நின்றுபோன வீட்டுக்கா அந்த மூச்சிரைப்பைக் கொடுத்தனுப்பினோம்! வாடிக்கையாளரைப் பாதியில் அனுப்பிவிட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினார்.

கதவு திறந்தே கிடந்தது. டிரைவர் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வேன் சாவி இன்னும் கையிலேயே இருந்தது.

"டேய், சிடி மாறிப்போச்சு. மன்னிச்சுடுடா. அதை எடு, நல்லதைக் கொண்டு வந்திருக்கேன்."

"கைய வைக்காதே."

கிழவர் மூச்சை இழுத்தார். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டியா? ஏதாவது சொல்ல வந்தா, அவ முதல்ல இப்படித்தான் இழுப்பா. சொல்லப் போறா, சொல்லப் போறான்னு நேத்துலேருந்து உட்கார்ந்திருக்கேன்."

"பாட்டு பிடிச்சிருக்கா?" கேட்கக் கூடாத கேள்வி. பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது.

"பாட்டை யார்றா கேட்டா?"

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவர் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். இப்போது பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடைசி வரைக்கும் ஒரே ஒரு தடவை ஓடவிட்டேன்," என்றார் டிரைவர். "பாட்டு முடிஞ்சதும் மூச்சும் நின்னுடுச்சுடா. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது. முன்னாடியே நிறுத்திடலாம்னா, எப்போ முடியும்னு எனக்குத் தெரியல. உனக்குத்தான் தெரியும்."

இருவரும் கேட்டார்கள். கடைசிப் பகுதி வந்தது. கண்ணாடிக்கடைக்காரருக்கு அது மனப்பாடம். அதற்காகவே அந்தச் சிடியைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார்.

கடைசி வரிக்காகக் கிழவர் மூச்சை உள்ளே இழுத்தார். கண்ணாடிக்கடைக்காரர் கை நீட்டி நிறுத்தினார்.