குங்குமம் பட்ட சுவிட்ச்

எங்கள் இயற்பியல் துறைத்தலைவர் தமிழ்வேந்தனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எனக்கும் அவர் முகத்தில் விழிக்கப் பிடிக்காது. கல்வராயன் மலையடிவாரக் கல்லூரி ஒன்றில் இப்படித்தான் இருவரும் காலம் தள்ளினோம்.

சண்டைக்குக் காரணம், தலைமுடியைவிட மெல்லிய இரண்டு ஏடுகள். ஒன்று மீக்கடத்தி, கடுங்குளிரில் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் விடும். மற்றது காந்தம். ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கினால், தனித்தனியே இரண்டிலும் இல்லாத ஒரு குவாண்டம் நிலை விளிம்பில் பிறக்கும் என்றேன். அதெல்லாம் கட்டுக்கதை என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் அவர். எத்தனையோ வீணாகி, ஒரே ஒரு அடுக்கு தேறியது. அதை வாங்கிப்போய் அளக்க பெங்களூரிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. அளக்க முடியாமல் போனால் என் தற்காலிக ஆராய்ச்சி வேலை போய்விடும்.

காந்த ஏட்டுக்கு ஈரக்காற்று விஷம். ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கை வைத்திருந்தேன். வாயுவை உலர்த்தும் பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், அன்று முழுக்க ஓய்வு. பம்பை மட்டும் நிறுத்தக் கூடாது என்று அவரிடம் நேரிலேயே சொன்னேன். சுவிட்சின்மேல் டேப்பும் ஒட்டினேன்.

"மூங்கில்துறைப்பட்டுல உங்கப்பன் ஓட்ற கரும்பு டிராக்டருக்கே அன்னிக்கு லீவு. உன் பொட்டிக்கு இன்னா தனி மரியாதை?" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விடுமுறை முடிந்து, குழுவோடு அறையைத் திறந்தபோது பம்பின் சத்தம் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தேன். மழை ஈரம் புகுந்து காந்த ஏடு கொப்புளித்துக் கரைந்து கிடந்தது.

கரண்ட் போயிருக்கும் என்று தமிழ்வேந்தன் விருந்தாளிகளிடம் சிரித்தார். நான் சுவிட்சைக் காட்டினேன். டேப் கிழிந்திருந்தது. அணைக்க அழுத்தும் பக்கத்தில் குங்குமத்தோடு ஒரு விரல் பதிந்திருந்தது. சாமி காரியம், ஓய்வு கொடுக்கத்தான் வேண்டும் என்று குரலை உயர்த்தினார்.

"அன்னிக்கு உங்க வூட்டு ஃபிரிட்ஜ நிறுத்தனீங்களா சார்?" என்று கேட்டேன்.

அவர் கைக்குட்டையை எடுத்துச் சுவிட்சைத் துடைக்கப் போனார். கையைத் தட்டிவிட்டேன். குழுவில் வந்த பெண்மணி செல்போனை எடுத்து அந்த விரல் தடத்தைப் படம் பிடித்துக்கொண்டார். அவர்கள் எடுத்துப்போக அங்கே வேறெதுவும் இல்லை.