ரேடியேட்டரில் பதநீர்

"ஏன்டி அகோயா, காருக்கும் சர்க்கரை வியாதி வருமா?"

கினாயி அண்ணி கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஊராரின் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிற நர்ஸ் அவள். காரின் மூக்குக்கடியில் பாகு போல எதுவோ வடிந்து கிடந்ததை விரலால் தொட்டு, முகர்ந்து, நுனிநாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் கேட்டாள். பின்சக்கரத்திலிருந்து முன்விளக்கு வரை எறும்புகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. தெருவிலிருந்த மூன்று நாய்கள் வண்டியை விட்டு நகர மறுத்தன.

அகோயாவுக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்லத் தொடங்கினால் அண்ணியின் புருஷன் பரனிகோவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அவனோ வண்டியைத் தள்ளி வந்த களைப்பில் அங்கேயே உட்கார்ந்து தாழை இலையில் புகையிலை சுருட்டிக்கொண்டிருந்தான்.

பரனிகோ அவளுக்குப் பெரியம்மா மகன். கெட்டவன் இல்லை. யார் வீட்டுக் கூரை பிய்ந்தாலும் முதலில் ஏறுகிறவன் அவன்தான். ஆனால் அவன் கண் ஒரு பொருளின் மேல் பட்டால் அந்தப் பொருள் வீடு மாறிவிடும். அவர்களுடைய தராவாத் தீவில் புபூசி என்று ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர் ஒருவர், "உங்கிட்ட புபூசி கேக்கறேன்" என்று வாயைத் திறந்து ஒரு பொருளைக் கேட்டுவிட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். இல்லை என்று சொன்னால் அந்த வெட்கம் மூன்று தலைமுறைக்கு நிற்கும். அப்படித்தான் அகோயாவின் சைக்கிள் போனது. ரேடியோ போனது. தையல் மிஷின் போனது. அவனிடமும் எதுவும் தங்கியதில்லை. அவனைக் கேட்பதற்கென்றே அவனுக்கு நான்கு மச்சான்கள் இருந்தார்கள்.

"நீயும் திருப்பிக் கேளேன்டி" என்று அண்ணியே பலமுறை சொல்லியிருக்கிறாள். "கேட்டா அவரும் குடுத்துத்தானே ஆகணும்? ஊரே அப்படித்தான் வாங்கிக் குடுத்து வாழுது."

ஊர் வாழும். ஊருக்கு வாய் இருந்தது. அகோயா கடைக்குப் போனால் உப்பு வேண்டும் என்று கேட்கமாட்டாள். உப்பு இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைக்காரராகப் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். புரியாத நாளில் சவர்க்காரத்தோடு வீடு திரும்புவாள்.

இப்படிப்பட்டவள் ரொட்டி சுட்டு விற்றுப் பிழைக்க வேண்டியிருந்தது. ரொட்டி நன்றாகவே வந்தது. விற்பதுதான் வரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பாள். "ரொட்டி" என்று கத்தத் தொண்டை வரை வரும், அதற்கு மேல் வராது. முதல் மாதம் அவள் சுட்டதில் பாதியைத் தின்று பன்றிகள் கொழுத்தன.

அப்போதுதான் அந்தக் கார் கிடைத்தது. ஜப்பானில் இருபத்தைந்து வருஷம் ஓடி, கப்பலேறி தராவாவுக்கு வந்து, கடல்காற்றில் கதவு கீழ்ப்பக்கமாகக் கரைந்துபோய், காயல் ஓரம் கைவிடப்பட்டுக் கிடந்தது. தென்னை நண்டுகள்கூட உள்ளே குடியேற யோசித்தன. உடையவர் "எடுத்துட்டுப் போனா புண்ணியம்" என்றார். சாவியைத் திருப்பினால் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஒரு நீளமான வாக்கியத்தை மிகவும் பணிவாகச் சொல்லும். என்ன சொல்கிறாள் என்று தீவில் யாருக்கும் தெரியாது. ஜெபமாக இருக்கலாம் என்றார் பாதிரியார்.

அந்தக் காரில் எது போயிருந்தாலும் ஹாரன் மட்டும் போகவில்லை. அகோயாவுக்கு அது போதும். விலையை எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாள். ஹாரன் அடித்தாள். ஜனங்கள் வந்தார்கள், விலையைப் படித்தார்கள், காசைப் போட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டார்கள். பிக்கெனிபேயுவிலிருந்து பைரிக்கி வரை ஒரு வார்த்தை பேசாமல் ஒரு வியாபாரம்.

கார் ஓட வேண்டுமானால் அதற்குள் தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் நிற்கவில்லை. முன்பு வைத்திருந்தவர் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருந்தார். தீவின் கிணற்றுத் தண்ணீரில் பாதி உப்பு, பாதி சுண்ணாம்பு. வெளியே கடல்காற்று தின்றது. உள்ளே கிணறு தின்றது. ரேடியேட்டரின் அடித்தையல் விட்டிருந்தது. கீழ்க்குழாயின் ரப்பர் அப்பளம்போல உடைந்தது. தண்ணீர் இறைக்கும் பம்ப் உட்காருகிற இடம் சொரிசொரியாக அரித்திருந்தது. அகோயா ஒவ்வொன்றாகக் கழற்றினாள், சுரண்டினாள், ஈயம் வைத்தாள், படகுக்காரர்கள் தூக்கிப்போட்ட துருப்பிடிக்காத கவ்விகளைப் பொறுக்கி மாட்டினாள். மழைத்தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினாள். இன்ஜினுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில், ஒரு இரும்புக் குழாய் மட்டும் துருவேறியபடி மிச்சம் இருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

உள்ளே எல்லாம் சரி செய்தவள் வெளியே ஒன்றையும் தொடவில்லை. கதவைத் தூண்டில் நரம்பால் கட்டியே வைத்திருந்தாள். துரு ஓட்டையில் சாக்கைத் திணித்திருந்தாள். காரணம் பரனிகோ. அவன் வாரம் ஒருமுறை வந்து வண்டியைச் சுற்றி வருவான்.

"தங்கச்சி, இது வண்டியா நண்டுப் பொந்தா?"

அகோயா தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் ஒருநாள் அவன் குனிந்து வண்டிக்கடியில் பார்த்தான். மணல் காய்ந்திருந்தது. "அட, ஒழுகுறது நின்னுடுச்சு போலிருக்கே!" என்றான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை அகோயாவுக்குத் தெரியும். தையல் மிஷினைப் பார்த்தபோதும் அதே வெளிச்சம்தான்.

மறுநாள் ஒரு பால் டின்னை எடுத்தாள். அடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டாள். தண்ணீர் நிரப்பி, ரேடியேட்டருக்கு முன்னால் கம்பியால் கட்டித் தொங்கவிட்டாள். அன்றிலிருந்து வண்டி எங்கே நின்றாலும் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. நிஜ ஒழுக்கை அடைக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. பொய் ஒழுக்கு இரண்டு நிமிஷ வேலை. பரனிகோ வந்தான், பார்த்தான், "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு இரண்டு ரொட்டியோடு போனான்.

அப்படியே போயிருக்கும். பரனிகோவின் மச்சான் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் வந்தது. பைரிக்கி ஊர்க்கூடத்தில் விருந்து. அகோயாவின் வண்டியில் எட்டுப் பேர் ஏறினார்கள். அவர்களோடு ஒரு பன்றியும், ரொட்டிக் கூடையும், விருந்துக்கென்று பரனிகோ அன்று காலை இறக்கிய மூன்று பாட்டில் தென்னம் பதநீரும் ஏறின. பாதி வழியில் அந்தப் பழைய இரும்புக் குழாய், இத்தனை பாரத்தை இழுத்த சூட்டில், ஊசித்துளை அளவுக்கு வாயைத் திறந்தது. பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது.

அகோயா வண்டியை ஓரம் கட்டிவிட்டு வாளியோடு மழைத்தண்ணீர் தேடிப் போனாள். பக்கத்து வீட்டில் பெரிய தொட்டி இருந்தது. வேலியோரம் போய் நின்றாள். வீட்டுக்காரம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அகோயா தொட்டியைப் பார்த்தபடி நின்றாள். வீட்டுக்காரம்மா துணியைப் பிழிந்தாள். அலசினாள். காயப்போட்டாள். கடைசிப் போர்வையை உதறியபோதுதான் ஆள் நிற்பதைக் கண்டாள். அதற்குள் அரைமணி நேரம் ஆகிவிட்டது.

வாளியோடு திரும்பியபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆவி இல்லை. பானட் மூடியிருந்தது. பரனிகோ இடுப்பில் கைவைத்து நின்றான். அவன் கையில் பால் டின்.

"இதப் பாத்தியா?" என்றான். "இதுதான் தங்கச்சி ஒழுகுற பாகம்! ஜப்பான்காரன் எதுக்கு வச்சானோ தெரியல. பிச்சு எடுத்தேன், டக்குனு நின்னுடுச்சு." டின்னைக் காயலில் வீசினான். "தண்ணி கொஞ்சம் கொறஞ்சிருந்துச்சு. அதான் பதநீர ஊத்திட்டேன்."

"மூணு பாட்டிலுமா?" என்றாள் அண்ணி.

"நாலு பாட்டில் இருந்தா நாலையும் ஊத்தியிருப்பேன். சத்துள்ளது."

கொதிக்கிற குழாயின் ஊசித்துளையில் பதநீர் இறுகிப் பாகாகி அடைத்துக்கொண்டது என்பது அகோயாவுக்குப் புரிந்தது. எத்தனை நாள் தாங்கும் என்பதும் ஏறக்குறையத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தாள். வண்டிக்குள்ளிருந்து அத்தனை பேரும் ஒரு பன்றியும் அவளையே பார்த்தார்கள். மூடிக்கொண்டாள்.

ஊர்க்கூடத்தில் நூறு பேர் பாய்மேல் உட்கார்ந்திருந்தபோது பரனிகோ எழுந்தான். வண்டியைத் தான் குணப்படுத்திய கதையைச் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் அகோயாவின் பக்கம் திரும்பி, "தங்கச்சி, உங்கிட்ட ஒண்ணு புபூசி கேக்கறேன். அந்த வண்டி" என்றான்.

அகோயா தலையாட்டினாள். வேறென்ன செய்வது? சாவி கை மாறியது.

அடுத்த நான்கு நாள் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பன்றிகள் மறுபடியும் அவளைக் கண்டதும் ஓடிவந்தன.

ஐந்தாம் நாள்தான் வண்டி தள்ளப்பட்டு அகோயாவின் வாசலுக்கு வந்து சேர்ந்ததும், அண்ணி சர்க்கரை வியாதி பற்றிக் கேட்டதும். பின்னாலேயே தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள்.

"கொஞ்சம் என்னான்னு பாரு தங்கச்சி" என்றான் பரனிகோ. "இதையும் புபூசியாவே கேட்டுக்கறேன்."

அகோயா வண்டிக்கடியில் நுழைந்தாள். கீழ்க்குழாயைக் கழற்றியதும் கறுப்பாகப் பாகு இறங்கியது. கருகிய வெல்லம் போல வாசனை. சூடானால் திறந்து தண்ணீரை விட வேண்டிய சின்ன அடைப்பான் மிட்டாய்க்குள் மாட்டிக்கொண்ட ஈ மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ரொட்டி அடுப்பில் தண்ணீர் காயவைத்துக் காயவைத்து ஊற்றினாள். பதினோராவது தடவையில்தான் தெளிந்த தண்ணீர் வந்தது. பின்பக்க இரும்புக் குழாயைச் சுரண்டினாள். திருப்புளி உள்ளே போய் மறுபக்கம் வந்தது. துருவெல்லாம் போனபின் அங்கே குழாயே இல்லை. கவிழ்ந்துகிடந்த ஒரு படகின் கைப்பிடிக் குழாயில் ஒரு சாண் வெட்டி எடுத்து வந்து, இரண்டு பக்கமும் கவ்வி போட்டு இறுக்கினாள். அரைகுறையாகச் செய்து விட்டுவிடலாம் என்று மனசு சொன்னது. கை கேட்கவில்லை. அதற்கு அப்படிச் செய்யத் தெரியாது.

வேடிக்கை பார்த்தவர்களுக்கு யோசனைகளுக்குக் குறைவில்லை.

"முட்டைய உடைச்சு ஊத்து. வெந்து அடைச்சுக்கும்."

"ஏன், பொரிச்ச மீனையும் போடேன். சாப்பாட்டுக் கடை ஆரம்பிச்சிடலாம்."

"ஈரப்பலாப் பால் தடவினா நூறு வருஷம் நிக்கும்."

"நீ நிப்பியா மொதல்ல?"

பரனிகோ சாவியைத் திருப்பினான். ஜப்பான்காரி பணிவாகத் தன் வாக்கியத்தைச் சொன்னாள். இன்ஜின் பூனைபோல உறுமியது. கூட்டம் கைதட்டியது.

"நான் பக்கத்துலயே உக்காந்து சொல்லச் சொல்லச் செஞ்சா" என்று கூட்டத்திடம் சொன்னான் பரனிகோ. "வெளிய வா தங்கச்சி. நாளைலேர்ந்து மீன் ஏத்தப் போறேன். பின் சீட்டப் புடுங்கிட்டா எட்டுக் கூடை நிக்கும்."

மீன் கூடையிலிருந்து வடிகிற உப்புத்தண்ணீர் வண்டியின் தரையில் தேங்கி நிற்பதை அகோயா நினைத்துப் பார்த்தாள். ஆறு மாதம். அதற்கு மேல் அந்தத் தரை தாங்காது. அதன் பிறகு ஹாரன்கூட மிஞ்சாது.

அவள் வெளியே வரவில்லை. மல்லாந்து கிடந்தாள். அங்கிருந்து பார்த்தால் யாருக்கும் முகம் இல்லை. கால்கள் மட்டும்தான். பரனிகோ இறங்கி நின்றான். அவன் இடது செருப்பு நீலம், வலது பச்சை.

"இன்ஜின நிறுத்துங்க" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். யாரோ நிறுத்தினார்கள்.

"அண்ணே, உங்கிட்ட ஒண்ணு புபூசி கேக்கறேன்."

கால்கள் அங்குமிங்கும் திரும்பின.

"யாருடா பேசுனது?"

"வண்டிதான்."

"ஜப்பான்காரிக்கு நம்ம பாஷை வந்துடுச்சா?"

"அடச் சீ, நம்ம அகோயாடா!" கினாயி அண்ணியின் குரல் கீச்சிட்டது. "வாயத் தெறந்துட்டா! எல்லாரும் சும்மா இருங்க!"

நீலச் செருப்பு சந்தோஷமாக ஒரு தட்டுத் தட்டியது. "கேளு தங்கச்சி, கேளு! இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்லையே நீ. என்ன வேணும்? மீனா? தேங்காயா?"

அகோயாவின் முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. கடைசிக் கவ்வியை இன்னும் அரைத் திருகு இறுக்க வேண்டும். இறுக்கினாள். சொட்டு நின்றது.

"இந்த வண்டி" என்றாள்.

பரனிகோவின் பெருவிரல் செருப்புக்குள் மடங்கியது, நிமிர்ந்தது, மறுபடி மடங்கியது. வாசலில் பத்து ஜோடிக் கால்கள் காத்திருந்தன. அவன் இல்லை என்று சொல்ல முடியாது என்பது அந்தக் கால்கள் அத்தனைக்கும் தெரியும்.

பானட்டின் மேல் சாவி வைக்கப்படும் சத்தம் கேட்டது. அது வழுக்கி மணலில் விழுந்தது. நீலச் செருப்பும் பச்சைச் செருப்பும் பிறகு திரும்பி, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே வழி உண்டாக்கிக்கொண்டு, எறும்பு வரிசையைத் தாண்டி, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தெருவை நோக்கி நடந்து போயின.