தனக்கே ஃபெயில் போட்டவன்

அந்த ஆளின் மேல் அக்காவுக்கு இருந்த கோபத்தைச் சொல்லி மாளாது. டிரைவிங் டெஸ்டில் அவளுக்கு மூன்று முறை ஃபெயில் போட்டவன். முதல் முறை, திரும்பும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று. சரி, பார்க்கவில்லைதான். இரண்டாம் முறை, மேட்டில் வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது என்று. அதையும் விடுங்கள். மூன்றாம் முறை எல்லாம் ஒழுங்காக முடிந்து, வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அக்கா சிரிக்கக்கூடச் சிரித்துவிட்டாள். அவன் இறங்கினான், குனிந்தான், பின்சக்கரம் வெள்ளைக் கோட்டை மிதித்திருக்கிறது என்று எழுதினான். இரண்டு விரல் அகலம். இரண்டு விரலுக்காக ஒருத்தியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வானா ஒருவன்? கொட்டிக்கொண்டான். லைசென்ஸ் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவனைக் கோடு சார் என்றுதான் சொல்வார்கள். வயது முப்பதைத் தாண்டியிருந்தால் அதிகம்.

அக்காவுக்கு ஐம்பத்தொன்று. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு வீடாகச் சாப்பாடு அனுப்புகிற ஒரு சமையல்கூடத்தில் பதினெட்டு வருஷமாகச் சமைக்கிறாள். அங்கே எல்லாருக்கும் அவள் அக்கா. அவளைவிட நாலு வயது மூத்த மேலாளருக்கும் அக்காதான். நின்று நின்றே காலில் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. இனி அடுப்பின் முன்னால் நிற்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நல்ல வேளையாகச் சாப்பாட்டு வண்டி ஓட்டுகிறவர் இந்த வாரத்தோடு விலகுகிறார்.

"அந்த இடம் உங்களுக்குத்தான் அக்கா. ஆனா வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள லைசென்ஸோட வந்துடுங்க. திங்கக்கிழமை வண்டி ஓடியாகணும்" என்று மேலாளர் சொல்லியிருந்தார். வராவிட்டால் வேறு ஆள் வந்துவிடுவான், அக்கா வீட்டில் உட்கார வேண்டியதுதான். வீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அது அவளுக்கும் தெரியும், அவள் தம்பிக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றாலும் அவன் வாய் நிற்காது. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான், வண்டியும் அவனுடையதுதான். அன்று காலை அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அலுவலகம் வரை அக்காதான் ஓட்டி வந்தாள். பின்பக்கத்துப் பார்க்கிங்கில் ஏழாம் நம்பர் இடத்தில் அவளே நிறுத்தினாள். "பாத்தியா, ஒரே மூச்சுல உள்ள போயிட்டேன்" என்று பெருமை வேறு. தம்பி டீ வாங்கப் போனான். அக்கா ஓரத்துக் குட்டிச்சுவரில் உட்கார்ந்து, கண்ணாடி, கை பிரேக், கிளட்ச் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு அவள்தான் முதல் ஆள்.

பத்துக்குக் கால் மணி இருக்கும்போது, அலுவலகத்தின் டெஸ்ட் வண்டிக்குக் காற்றடித்துவிட்டு, கோடு சார் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தான். எட்டாம் நம்பர் இடம் காலி. அந்தப் பக்கம் தரை கொஞ்சம் சரிவு. ரிவர்ஸில் மெல்ல இறங்கினான். கொஞ்சம் கோணலாக வருகிறானே, இப்போது நிறுத்திச் சரிசெய்வான் என்று அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிறுத்தவில்லை. வண்டி அது பாட்டுக்கு உருண்டது. டப் என்று ஒரு சத்தம். தம்பி வண்டியின் பின்விளக்கு சில்லுச் சில்லாகச் சிவப்பாகக் கீழே கிடந்தது.

"ஐயையோ!" என்று அக்கா எழுந்து ஓடினாள்.

கோடு சார் இறங்கினான். முகத்தில் ரத்தமே இல்லை. "உள்ள யாராவது இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்டான்.

"யாரும் இல்ல சார். என் தம்பி வண்டிதான். அவன் டீ வாங்கப் போயிருக்கான்."

அவன் கண்ணை மூடித் திறந்தான். சுற்றிலும் ஈ, காக்கை இல்லை. பார்த்தவள் அக்கா ஒருத்திதான். அந்த நொடியில் அக்காவின் மனசு எப்படி ஓடியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? மூன்று மாசமாக ஆட்டிவைத்தவன் இன்று கையில் வந்து சிக்கியிருக்கிறான். இன்னும் பதினைந்து நிமிஷத்தில் அவன்தான் அவளுக்கு டெஸ்ட் வைக்கப்போகிறவன்.

"சார், ஒரு விளக்குதானே" என்றாள் குரலைத் தாழ்த்தி. "என் தம்பிகிட்ட நான் சொல்லிக்கறேன். அது ஏற்கெனவே உடைஞ்சிருந்துச்சுன்னு வெச்சுக்குங்க."

"உடைஞ்சிருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிம்மா வெச்சுக்கறது?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாதவன் மாதிரிக் கேட்டான்.

அவன் வண்டிக்குள்ளிருந்து டெஸ்ட் தாள் செருகும் தன் அட்டையை எடுத்தான். மூன்று முறையும் அக்காவுக்கு ஃபெயில் எழுதிய அதே அட்டை. புதுத் தாள் ஒன்றை மேலே வைத்து, ஓட்டுபவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினான். கண்ணாடி பார்த்தாரா, பார்த்தார். வேகம், சரி. பின்னால் எடுத்தல் என்ற வரியில் பேனா நின்றது. பிறகு, 'இன்னொரு வண்டியில் மோதினார்' என்று எழுதி, கீழே ஃபெயில் என்று போட்டான். அதே சாய்ந்த எழுத்து. அவள் வீட்டு மேஜை இழுப்பறையில் கிடக்கும் மூன்று தாள்களிலும் இருக்கிற அதே எழுத்து, ஒரு சுழி குறையவில்லை. ஓட்டியவர் கையெழுத்து ஒன்று, சோதித்தவர் கையெழுத்து ஒன்று, இரண்டையும் அவனே போட்டான்.

அவன் ஃபெயிலாவதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பாள்! பார்த்தும்விட்டாள். சந்தோஷம் வரவில்லை. கை மயிர் குத்திட்டு நின்றது. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் தம்பி டீயோடு வந்துவிட்டான். விளக்கைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், அக்காவை ஓரமாக இழுத்தான். "அக்கா, இன்னிக்கு உனக்குப் பாஸ்தான். அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லு. நான் வாயே தொறக்க மாட்டேன்." அவன் வாய் திறக்கமாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சத்தம் கேட்டு அலுவலகத்துத் தலைமை அதிகாரி வந்தார். பெரிய மேடம் என்பார்கள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். "இன்னொரு ஆபீசர் லீவுல இருக்கறது தெரியுமில்ல உனக்கு? நீ இதை எழுதிக் குடுத்தா விசாரணை முடியிற வரைக்கும் நீ வெளியதான். இன்னிக்கு ஒருத்தருக்கும் டெஸ்ட் கிடையாது. முன்னாடி பதினோரு பேர் நிக்கறாங்கப்பா. ஒரு விளக்கு! எப்படித்தான் இடிச்சே நீ?"

"டெஸ்ட் வெக்கறப்ப பக்கத்து சீட்ல எனக்கு ஒரே ஒரு பிரேக்தான் மேடம். ஆறு வருஷமா இடது காலால அதையே மிதிச்சுப் பழகிட்டேன். இன்னிக்கு ஓட்டற சீட்ல உக்காந்தும் இடது கால்தான் முதல்ல போச்சு. அங்க இருந்தது கிளட்ச்."

"அதான் தெரியாம நடந்துபோச்சே, விடேன்."

"நேத்து ஒரு நர்ஸம்மா டெஸ்ட் பாதையில வெச்ச கூம்பைத் தொட்டுட்டாங்க. அது விழக்கூட இல்ல. ராத்திரி டியூட்டி முடிச்சு நேரா வந்தவங்க. அவங்களை நான் ஃபெயில் போட்டு வீட்டுக்கு அனுப்பினேன் மேடம்."

பெரிய மேடம் கையை நீட்டினார். தாளை வாங்கிக்கொண்டார்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்று டெஸ்ட் இல்லை. மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நீங்க நல்லவரா இருக்கறதுக்கு என் வேலையா சார் கிடைச்சுது? அஞ்சு மணிக்குள்ள லைசென்ஸ் காட்டலன்னா எனக்கு எல்லாம் போச்சு!" என்று கத்தியே விட்டாள். நரம்பு, டாக்டர், சாப்பாட்டு வண்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

அவன் கடைசி வரை கேட்டான். "அதுவும் என்னாலதாம்மா" என்றான். "அஞ்சு மணிக்கு உங்க மேலாளர்கிட்ட நானே வந்து சொல்றேன். ரெண்டு வாரத்துல வேற ஆபீசர் டெஸ்ட் வெப்பாரு. அதுவரைக்கும் பொறுத்துக்கச் சொல்லிக் கேக்கறேன். அவர் ஒத்துக்குவாரான்னு தெரியாது. ஆனா வருவேன்."

இவ்வளவு கத்தியும் ஒரு சாக்குச் சொல்லவில்லையே என்று அக்காவுக்குக் கோபம் பாதியில் வற்றிப்போயிற்று.

பெரிய மேடம் சாட்சித் தாளை நீட்டினார். பார்த்ததை எழுத வேண்டும். அக்கா எழுதினாள். கடைசிக் கேள்வி: மோதப்பட்ட வண்டி எந்த நிலையில் நின்றது? திரும்பிப் பார்த்தாள். தம்பி வண்டியின் சக்கரம் கோட்டைத் தாண்டி, எட்டாம் நம்பர் இடத்துக்குள் நாலு விரல் நுழைந்து நின்றது. ஒரே மூச்சில் உள்ளே போன அழகு!

உலகத்தில் வேறு யார் கண்ணிலிருந்து தப்பினாலும் அந்த ஆள் கண்ணிலிருந்து தப்பாது.

"சார், நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பின்ன ஏன் எழுதல?"

"அது சும்மா நின்ன வண்டி. ஓட்டினது நான்."

பெரிய மேடம் தொண்டையைச் செருமினார். "இங்க பாருங்கம்மா, அதை நீங்க எழுதினா உங்க பழகுநர் லைசென்ஸ்ல தப்புக் குறி விழும். ஒரு மாசத்துக்கு டெஸ்டே கிடையாது. அவனே எழுதல, நீங்க ஏன் எழுதறீங்க?"

"சாவியைக் குடுக்கா, கொஞ்சம் தள்ளி நிறுத்திடறேன்" என்று தம்பி பறந்தான்.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டாளே தவிர, பேனா நகரவில்லை. ரெண்டு வாரம் என்றால் மேலாளர் ஒருவேளை பொறுத்துக்கொள்வார். ஒரு மாசம் என்றால் கடவுளே வந்து சொன்னாலும் பொறுக்கமாட்டார். பதினெட்டு வருஷம் கண் முன்னால் வந்து நின்றது. பத்தடி தள்ளி அந்த ஆள் குனிந்து, யார் காலிலும் குத்திவிடக் கூடாதென்று, சிவப்புச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் அவளை அவசரப்படுத்தவில்லை, இந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. அவன் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லியிருந்தால்கூட அக்கா வீம்புக்கு எழுதாமல் விட்டிருப்பாள்.

'எங்கள் வண்டி கோட்டைத் தாண்டி நின்றது. நிறுத்தியவள் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கோடு சார் வந்து அதைப் படித்தான். ரொம்ப நேரம் படித்தான். அந்த இரண்டு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"நீங்க சாயங்காலம் வர வேணாம் சார்" என்றாள் அக்கா. "இப்ப பாதித் தப்பு என்னோடது."

ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது அக்கா சமையல்கூடத்துக்குப் போனால், வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

மேலாளர் நல்ல மனுஷர்தான். இருவர் சொன்னதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கா, உங்களை விட எனக்கு மனசு வரல. ஆனா அறுபத்து மூணு பேர் படுக்கையில கிடக்கறாங்க. அவங்க பசி ஒரு மாசம் காத்திருக்காது. நான் வேற ஆளைப் போட்டுத்தான் ஆகணும்."

"நியாயம்தான்" என்றாள் அக்கா. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வேற ஆள் நானா இருக்கலாமா சார்?" என்றான் அவன்.

இரண்டு பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"விசாரணை முடியிற வரைக்கும் எனக்கு வேலை இல்ல. லைசென்ஸ் இருக்கு. சம்பளம் வேணாம், வாங்கவும் கூடாது, விதி. பெரிய மேடத்துகிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். நான் ஓட்டறேன், வீட்டு வாசல்ல இறங்கிச் சாப்பாட்டை இவங்க குடுக்கட்டும். இவங்க கையில லைசென்ஸ் வர்ற அன்னிக்கு நான் இறங்கிக்கறேன்."

"விசாரணை அதுக்கு முன்னாடியே முடிஞ்சுட்டா?" என்றார் மேலாளர்.

"லீவு போடறேன். என்னால போன நாளு, நான்தானே நிரப்பணும்."

மேலாளர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "சரி. டெஸ்ட்ல மட்டும் அக்காவுக்குக் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று சிரித்தார்.

"இவங்களுக்கு இனிமே நான் டெஸ்ட் வெக்க முடியாது சார். கூட வேலை பாக்கறவங்களுக்கு மார்க் போடக் கூடாது" என்றான் அவன், சிரிக்காமல்.

அக்கா அவனையே பார்த்தாள். மூன்று மாசம் வாய் ஓயாமல் திட்டிய முகம். இவன் முன்னால் நாமெல்லாம் எம்மாத்திரம் என்று தோன்றியது. அடக்கி வைத்திருந்த கண்ணீர் இப்போது நிற்காமல் வந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?" என்று அவன் அவளைக் கேட்டான்.

சார் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வார்த்தை வரவில்லை.

"ஆறு மணிக்கு வந்துடு தம்பி" என்றாள். "வெறும் வயித்தோட வராதே."